எரிமலை நிலங்களுக்குப் பாதுகாப்பான பயணம்: கோலார் தரும் பாடம்

கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டை வட்டத்தில், பூதிகோட்டை என்னும் சிற்றூர் உள்ளது. ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதால் வரலாற்று நூல்களில் இதற்கு இடமுண்டு. கன்னடத்தில் 'பூதி' என்றால் சாம்பல். தமிழிலும் அச்சொல் திருநீற்றைக் குறிக்கும். எனவே 'சாம்பல் கோட்டை' என்பதே இவ்வூர்ப் பெயரின் பொருளாகும். இப்பெயரைக் கேட்கும் மாணவர் இது எரிமலைச் சாம்பலோ என்று ஐயுறக்கூடும். அவ்வாறன்று, இப்பெயரை விபூதியோடு தொடர்புபடுத்துவதே வழக்கம். ஆனால் இவ்வூருக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயல், தன் பெயரில் எரிமலையின் சாயல் சிறிதும் இல்லாதிருந்தும், உண்மையிலேயே எரிமலைக் குழம்பால் உருவான நிலமாகும்.

ஓரிடத்தின் பெயரைக் கொண்டு அதன் தன்மையை முடிவு செய்யலாகாது என்பதற்கு இவ்விரு ஊர்களும் தக்க சான்று. எரிமலைப் பகுதிகளுக்குச் செல்லத் திட்டமிடுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியதும் இதுவே. புவியியல் மாணவர், சுற்றுலாப் பயணிகள், ஆய்வாளர் எனப் பலதரப்பினரும் எரிமலை நிலங்களைக் காண விரும்புகின்றனர். அத்தகைய பயணங்களுக்கு இசைவு வழங்கும் பொறுப்பு மாவட்ட அலுவலர்களுக்கு உண்டு. பயணம் பாதுகாப்பாக அமைய எவற்றை ஆராய வேண்டும், யார் எதற்குப் பொறுப்பு, எந்நிலையில் பயணத்தைக் கைவிட வேண்டும் என்பவை இக்கட்டுரையில் கோலார் தங்கவயலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகின்றன.

எரிமலை நிலங்களின் வகைகள்

எரிமலைகளை உயிர்ப்புள்ளவை, உறங்குபவை, அணைந்தவை என மூவகையாகப் பிரிப்பது பாடநூல் மரபு. நம் நாட்டில் உயிர்ப்புள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றே. 1787ஆம் ஆண்டில் அதன் சீற்றம் பதிவு செய்யப்பட்டது. பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அமைதியாக இருந்த அம்மலை 1991இல் மீண்டும் சீறியது. அதன் பின் 2005, 2017 ஆகிய ஆண்டுகளிலும், அண்மையில் 2025 செப்டம்பரிலும் அது குமுறியுள்ளது. நூற்றைம்பது ஆண்டு அமைதியும் ஓர் எரிமலை அணைந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது என்பது இதனால் விளங்கும்.

தக்காணப் பீடபூமியின் கரும்பாறைப் படிவுகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகியவை. கோலார் நிலம் அவற்றினும் மிகப் பழையது. அதன் பாறைகளின் வயது சுமார் 270 கோடி ஆண்டுகள். இவற்றில் எரிமலைச் சீற்றத்துக்கு இனி வாய்ப்பில்லை. ஆனால் சீற்றத்துக்கு வாய்ப்பில்லை என்பதால் இடருக்கும் வாய்ப்பில்லை என்று கொள்வது தவறாகும். கோலாரின் இடர்களை ஆராயுமுன், உயிர்ப்புள்ள எரிமலைகளில் பயணிகள் எவ்வாறு உயிரிழந்தனர் என்பதை அறிதல் பயன் தரும்.

பிற நாடுகளின் அனுபவம்

எரிமலை என்றவுடன் செந்நிறக் குழம்பு ஓடிவருவதே பலர் கண்முன் தோன்றும். அக்குழம்பு பெரும்பாலும் மெதுவாகவே நகர்வதால் அதற்குத் தப்பி விலகிச் செல்ல இயலும். உயிர்களைப் பெரிதும் பறிப்பவை வேறு: திடீரென எறியப்படும் பாறைத் துண்டுகள், மலைச்சரிவில் பாய்ந்து வரும் சுடுவளிச் சாம்பல் மேகம், சாம்பலும் நீரும் கலந்த சேற்றுப் பெருக்கு, பள்ளங்களில் தேங்கும் நச்சு வளி ஆகியவை.

ஜப்பானில் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று, நண்பகலுக்குச் சற்று முன், சீறியது. இலையுதிர்கால எழிலைக் காணச் சென்றிருந்த மலையேறிகளில் 63 பேர் இறந்தும் காணாமலும் போயினர். அன்று அம்மலைக்கு அறிவிக்கப்பட்டிருந்த எச்சரிக்கை நிலை ஐந்தில் மிகக் கீழானதாகிய முதல் நிலையே. அதற்கு 'இயல்பு நிலை' என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. இருவாரங்களுக்கு முன்பே நில அதிர்வுகள் கூடியிருந்தும், 'இயல்பு' என்ற சொல் மக்களுக்கு அச்சமின்மையையே தந்தது. மறு ஆண்டில் ஜப்பானிய அரசு அச்சொல்லை நீக்கி, 'உயிர்ப்புள்ள எரிமலை என்பதை மனத்திற்கொள்க' என்னும் பொருள்பட மாற்றியது. அறிவிப்புப் பலகையில் எழுதப்படும் ஒரு சொல்லும் உயிர் காக்கும் கருவி என்பதை அலுவலர் உணர வேண்டும்.

நியூசிலாந்தின் வக்காரி என்னும் வெண்தீவில் 2019 டிசம்பர் 9 அன்று நேர்ந்தது வேறு வகை. எரிமலையின் எச்சரிக்கை நிலை மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு படி உயர்த்தப்பட்டிருந்தது. ஆயினும் சுற்றுலா தொடர்ந்தது. சீற்றம் நிகழ்ந்தபோது தீவிலிருந்த 47 பேரில் 22 பேர் உயிரிழந்தனர். இங்கு எச்சரிக்கை இருந்தது. அவ்வெச்சரிக்கை எந்த அளவை எட்டினால் பயணம் நிறுத்தப்படும் என்ற உறுதியான முடிவு இல்லை.

கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 இரவில் சீறியபோது, பனி உருகி எழுந்த சேற்றுப் பெருக்கு ஆர்மெரோ நகரைப் புதைத்தது. சுமார் 23,000 பேர் மாண்டனர். அச்சேறு செல்லக்கூடிய வழியைக் காட்டும் இடர் வரைபடம் அதற்கு முன்பே தயாரிக்கப்பட்டிருந்தது. வரைபடம் செயலாகவில்லை என்பதே அந்நிகழ்ச்சியின் சோகம்.

ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டின் நியோஸ் எரிமலை ஏரியிலிருந்து 1986 ஆகஸ்ட் 21 அன்று கரியமில வளி பெருமளவில் வெளிப்பட்டது. காற்றைவிடக் கனமான அவ்வளி பள்ளத்தாக்குகளில் படர்ந்து சுமார் 1,700 பேரைக் கொன்றது. நிறமும் மணமும் அற்ற ஒன்று, தாழ்வான இடத்தில் தேங்கி, மூச்சைப் பறிக்கும் என்ற இவ்வுண்மை கோலாருக்கும் பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

கோலார் நிலம் பிறந்த வகை

கோலார் தங்கவயல் அமைந்துள்ள பாறைப் பட்டை, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமும் உடையது. இதனைச் 'சிஸ்ட்' பாறைப் பட்டை என்பர். பழங்காலத்தில் நீரடியில் வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு, பின்னர் மண்ணின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறி இப்பாறைகளாயிற்று. நீருக்குள் பீறிட்ட குழம்பின் மேற்பரப்பு உடனே குளிர்ந்து இறுக, உட்புறம் பிதுங்கி உருண்டு, தலையணைகளை அடுக்கி வைத்தாற்போன்ற வடிவம் பெறும். இதனைத் தலையணை லாவா என்பர். வெடித்துச் சிதறிய பாறைத் துண்டுகளும் சாம்பலும் சேர்ந்து இறுகிய சிதறல் பாறைகளும் இங்கு உள்ளன. தங்கவயலை அடுத்த பெத்தப்பள்ளியிலுள்ள இப்பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வகம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது.

இப்பாறைகளின் வெடிப்புகளில் வெந்நீர்க் கரைசல்கள் ஊடுருவி, குவார்ட்ஸ் என்னும் வெண்கல் நரம்புகளையும் அவற்றோடு தங்கத்தையும் படியச் செய்தன. பெயர் பெற்ற 'சாம்பியன்' நரம்பு இவற்றுள் ஒன்று. எரிமலை தந்த நிலமும் அந்நிலம் தந்த தங்கமும் இவ்வாறு ஒரே வரலாற்றின் இரு பகுதிகளாகும்.

நூற்றிருபது ஆண்டுச் சுரங்கத் தொழில்

1880ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்கு முறையான சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையான தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை ஆகிய இடங்களில் இன்றும் தமிழ் பேசுவோர் நிறைந்துள்ளனர். 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக விளங்கியது. அத்தகைய ஆழத்தில்தான் 1965இல் இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். ஆழம் கூடக்கூட வருவாய் குறைந்தது, செலவு பெருகியது. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன்.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. சுரங்கத்தை மூடும்போது நிலத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொணர்வதற்கான இறுதித் திட்டம் கட்டாயம் என்ற விதி, கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளில் 2003இல்தான் சேர்க்கப்பட்டது. கோலார் சுரங்கங்கள் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே மூடப்பட்டுவிட்டன. இந்த இடைவெளியின் விளைவுகளையே இன்று அங்குச் செல்லும் பயணி எதிர்கொள்கிறார்.

இன்றைய இடர்கள்

முதலாவது, கைவிடப்பட்ட செங்குத்துச் சுரங்கக் குழிகள். 'ஷாஃப்ட்' என்று தொழிலாளர் அழைக்கும் இக்குழிகள் பல இடங்களில் உள்ளன. புதர் மண்டிய குழியின் விளிம்பு கண்ணுக்குப் புலப்படாது. விளிம்பு மண் காலடியில் சரியவும் கூடும். மூடியிருக்கும் பலகையும் கம்பியும் துருப்பிடித்து வலுவிழந்திருக்கலாம்.

இரண்டாவது, குழிக்குள் உள்ள காற்று. காற்றோட்ட விசிறிகள் நின்ற சுரங்கத்தில் கனிமங்களும் பழைய மரத்தூண்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். கரியமில வளி கீழே தேங்கும். நியோஸ் ஏரிப் பள்ளத்தாக்கில் நேர்ந்தது போலவே, உள்ளே இறங்குபவர் எவ்வித முன்னறிகுறியும் இன்றி மயங்கி விழுவர். 2020 மே மாதத்தில் மாரிக்குப்பத்தில் கைவிடப்பட்ட சுரங்கத்தினுள் அனுமதியின்றி இறங்கிய மூவர் உயிரிழந்தனர். விழுந்தவரைக் காக்க மற்றவர் இறங்குவது உயிரிழப்பைப் பெருக்கும் என்பது எல்லாச் சுரங்க விபத்துகளும் உணர்த்தும் பாடம்.

மூன்றாவது, நிலத்தடிக் குடைவுகள். பல தலைமுறைகள் தோண்டிய குடைவுகள் தரைக்கடியில் உள்ளன. சுரங்கம் இயங்கிய காலத்தில் 'பாறை வெடிப்பு' எனப்படும் திடீர்ச் சிதறல்கள் பல உயிர்களைப் பறித்தன. அவற்றின் அதிர்வு மேலுள்ள வீடுகளிலும் உணரப்பட்டது. இத்தகைய சிக்கல்களை ஆராயவே 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் அமைக்கப்பட்டது. நீர் இறைக்கும் எந்திரங்கள் நின்ற பின் குடைவுகளில் நீர் நிரம்பியுள்ளது. ஆகவே குடைவுகளுக்கு மேலுள்ள நிலத்தில் புதைவு நேரக்கூடும் என்ற கருத்துடனேயே நடமாட வேண்டும்.

நான்காவது, 'சயனைடு மேடு' என்று ஊரார் கூறும் ஆலைக்கழிவுக் குன்றுகள். தங்கக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்த பின் எஞ்சிய மணலே இது. 13 மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு குவிந்துள்ளது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் பெருமளவு சிதைந்துவிடும். மாவாக அரைபட்ட குவார்ட்ஸ் சிதைவதில்லை. பலமான காற்றில் இத்தூசி பறந்து குடியிருப்புகளின் மீது படிகிறது. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிவதால் உண்டாகும் சிலிக்கோசிஸ் என்னும் தீரா நோய், இந்தியாவில் 1947இல் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையேதான். உயிர்ப்புள்ள எரிமலைகளின் சாம்பலிலும் இதே சிலிக்கா உண்டு. ஆகவே எரிமலைச் சாம்பலுக்கு எதிராக மேற்கொள்ளும் பாதுகாப்பு முறைகள் இங்கும் அப்படியே பொருந்தும்.

மழைக்காலத்தில் இம்மேடுகளின் சரிவுகள் அரித்து, ஆழமான ஓடைகள் விழுகின்றன. புகைப்படம் எடுப்பதற்காக உச்சியில் ஏறுவோருக்குச் சரிவு சரிந்து விழும் அபாயமும் உண்டு.

பயணத்திட்டத்தின் உறுப்புகள்

மேற்கூறியவற்றிலிருந்து, எந்த எரிமலை நிலத்துக்கும் பொருந்தும் திட்டத்தை ஆறு உறுப்புகளாக வகுக்கலாம்.

1. இடர் அறிதல்: அவ்விடத்தில் இன்று உள்ள இடர்கள் யாவை என்று எழுத்தில் பட்டியலிட வேண்டும். புவியியல் வரைபடம், மாவட்ட நிர்வாகத்தின் தகவல், அங்கு வாழ்வோரின் அனுபவம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பயன்படுத்துவது நன்று. எந்தக் குழி எங்கே மூடாமல் கிடக்கிறது என்பதை ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளரே வரைபடத்தினும் துல்லியமாக அறிவார்.

2. இசைவு பெறுதல்: நிலத்துக்கு உரிமையுடைய அலுவலகத்தின் எழுத்து மூலமான இசைவு தேவை. வாய்மொழி இசைவு விபத்து நேரும்போது எவரையும் காப்பதில்லை. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் பயண நாளைத் தெரிவித்தல் வேண்டும்.

3. காலம் தேர்தல்: காற்று, மழை, வெயில் மூன்றையும் கருதி நாளையும் நேரத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

4. கருவிகள்: நுண்துகளைத் தடுக்கும் என்-95 வகை முகக்கவசம், கண்ணாடி, தலைக்கவசம், கணுக்கால் மூடிய காலணி, முழுக்கைச் சட்டை, போதிய குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவை. சாதாரணத் துணி கைக்குட்டை சிலிக்கா தூசியைத் தடுக்காது. ஆஸ்துமா முதலிய மூச்சு நோய் உள்ளோர் தூசி பறக்கும் இடங்களைத் தவிர்ப்பதே முறை.

5. பொறுப்புப் பகிர்வு: குழுத் தலைவர், பின்காவலர், எண்ணிக்கை சரிபார்ப்பவர், முதலுதவி அறிந்தவர் எனப் பொறுப்புகள் முன்கூட்டியே பெயர் குறித்து ஒதுக்கப்பட வேண்டும். பயண வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றின் படி ஒன்று பயணத்தில் சேராத ஒருவரிடம் இருத்தல் வேண்டும். குறித்த நேரத்தில் குழு திரும்பாவிடில் அவரே காவல் துறைக்குத் தகவல் தருவார்.

6. திரும்பும் விதி: எந்த நிலையில் பயணம் கைவிடப்படும் என்பதைப் புறப்படுமுன்னே எழுதிவைக்க வேண்டும். களத்தில் நின்றுகொண்டு இம்முடிவை எடுக்க முற்பட்டால், செலவழித்த பணமும், வந்த தொலைவும், உடன் வந்தோரின் ஆவலும் முடிவைத் திசை திருப்பிவிடும். பொருளியலார் கூறும் 'மூழ்கிய செலவு' இங்கும் மனிதரை ஏமாற்றுகிறது. முன்னரே செலவாகிவிட்ட பணம் திரும்பி வராது. மேற்கொண்டு சென்றால் நேரக்கூடிய இழப்பை மட்டுமே கணக்கிட வேண்டும்.

தங்கவயலுக்கு ஒரு நாள் பயணம்: ஒரு மாதிரி

பெங்களூருக் கல்லூரி ஒன்றிலிருந்து நாற்பது மாணவர் ஒரு நாள் பயணமாகத் தங்கவயல் செல்வதாகக் கொள்வோம். தங்கவயல் பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளை இருப்புப்பாதையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தூசி மிகும். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகும். ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏற்றவை.

நாற்பது பேரைப் பத்துப் பத்தாக நான்கு குழுக்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்பார். காலை வேளையில் பெத்தப்பள்ளிப் பாறைகளைக் காணலாம். பாடத்தின் மையம் இதுவே என்பதால், மாணவர் களைப்படையாத நேரத்தை இதற்கு ஒதுக்குவது தகும். நினைவுச் சின்னமான பாறையைச் சுத்தியலால் உடைத்தல் கூடாது. அளத்தல், வரைதல், புகைப்படம் எடுத்தல் போதும்.

முற்பகலில், இசைவு பெற்ற இடத்தில், சுரங்க வாயில்களின் மேலுள்ள இரும்புக் கோபுரங்களை வேலிக்கு வெளியே நின்று காணலாம். நடமாட்டம் தார்ச்சாலையிலும் நன்கு பழகிய பாதையிலும் மட்டுமே அமைய வேண்டும். குறுக்கு வழி, புதர் வழி ஆகியவற்றுக்கு இடமில்லை. எந்தக் குழியினுள்ளும் எவரும் இறங்கலாகாது. எட்டிப் பார்த்தலும் கூடாது. ஒவ்வோர் இடத்தை விட்டு நீங்கும்போதும் எண்ணிக்கை சரிபார்க்கப்படும்.

உணவு ராபர்ட்சன்பேட்டையில் அமையலாம். கைகளையும் முகத்தையும் கழுவிய பின்னரே உண்ணுதல் வேண்டும். ஊரிலுள்ள அரசு மருத்துவமனை இருக்கும் இடத்தை ஆசிரியர் நால்வரும் முன்பே அறிந்திருத்தல் அவசியம். பிற்பகலில் ஆலைக்கழிவு மேடுகளைக் காற்று வரும் திசையில் நின்று, தொலைவிலிருந்தே காணலாம். காற்று மேட்டைக் கடந்து பார்வையாளரை நோக்கி வீசுமாயின் அப்பகுதி கைவிடப்படும். மேட்டின் மீது ஏறுதல் திட்டத்தில் இடம் பெறாது. வெளிச்சம் குறையுமுன் களத்தை விட்டு நீங்க வேண்டும். மாலை மங்கலில் மூடாத குழியும் நிழலும் ஒன்றாகவே தோன்றும்.

பலத்த காற்றோ மழையோ எழுந்தாலும், எழுத்து மூலமான இசைவு கைக்கு வராவிட்டாலும், எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தாலும், பயணத்தின் எஞ்சிய பகுதி நிறுத்தப்படும் என்பது இக்குழுவின் திரும்பும் விதியாகும்.

பாரன் தீவு: அதே ஆறு உறுப்புகள், வேறு விடைகள்

உயிர்ப்புள்ள எரிமலைக்கும் இதே ஆறு உறுப்புகள் பொருந்தும். விடைகள் மட்டும் வேறுபடும். பாரன் தீவு மனிதர் வாழாத வனவிலங்குப் புகலிடம். அந்தமானின் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பொதுப் பயணிகள் அங்குத் தம் விருப்பம் போல் இறங்க இயலாது. கப்பலிலிருந்து காண்பதே வழி. இங்குப் பாறையெறிவும், சாம்பலும், வளியும் முதன்மை இடர்கள். காற்றின் போக்கும் கடலின் நிலையும் அவற்றுக்கு அடுத்தவை. எரிமலையின் அண்மைக்கால நடவடிக்கை பற்றிய அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்த பின்னரே கப்பல் புறப்பட வேண்டும். விபத்து நேர்ந்தால் மருத்துவமனைக்குச் செல்லப் பல மணி நேரம் ஆகும் என்பதால், கோலாரில் ஏற்கத்தக்க சிறு இடரும் இங்கு ஏற்கத்தகாததாகும். தொலைவு கூடும்போது எச்சரிக்கையும் கூட வேண்டும்.

பயணியும் குடியிருப்போரும்

இதுவரை கூறியவை யாவும் ஒரு நாள் வந்து செல்பவரின் பாதுகாப்பைப் பற்றியவை. திட்டமிடும் அலுவலர் இத்துடன் நின்றுவிட இயலாது. பயணி சில மணி நேரம் முகக்கவசம் அணிந்து, மாலையில் ஊர் திரும்புகிறார். அதே தூசியை ஆண்டின் எல்லா நாட்களிலும் சுவாசிக்கும் குடும்பங்கள் அங்கு உள்ளன. பயணிக்கு எட்டிப் பார்க்கத் தகாத குழியின் அருகே அவ்வூர்ச் சிறுவர் விளையாடுகின்றனர், ஆடுமாடு மேய்கின்றன. பயணிக்கு இடர் எனப் பட்டியலிடப்படும் ஒவ்வொன்றும் குடியிருப்போருக்குப் பன்மடங்கு இடராகும்.

சுரங்கம் மூடப்பட்ட பின் தங்கவயலின் பொருளாதாரம் நலிவுற்றது. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து திரும்புகின்றனர். புவியியல் சுற்றுலா, சுரங்க அருங்காட்சியகம் போன்றவை ஊருக்கு வருவாய் தரும் என்ற கருத்து வரவேற்கத்தக்கதே. ஓய்வு பெற்ற தொழிலாளரையும் அவர்தம் பிள்ளைகளையும் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அமர்த்தினால், அறிவும் வருவாயும் ஊரிலேயே தங்கும். ஆனால் செலவின் வரிசைமுறை முக்கியம். வரவேற்பு வளைவும் ஓய்வு விடுதியும் முதலில் எழுந்து, குழிகளின் மூடியும் மேடுகளின் மேல் பசுமையும் பின்னர் என்று ஒதுக்கப்பட்டால், பயன் சிலருக்கும் இடர் எல்லோருக்கும் ஆகும்.

மாறாக, குழிகளைக் கணக்கெடுத்து உறுதியான கான்கிரீட் மூடிகளால் அடைத்தல், வேலியிட்டுக் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கைப் பலகை நடுதல், மேடுகளின் சரிவில் வறட்சி தாங்கும் புல்லும் செடியும் வளர்த்துத் தூசியைக் கட்டுப்படுத்தல், குடைவுகளுக்கு மேலுள்ள நிலத்தை வரைபடமாக்கிக் கட்டட அனுமதியோடு இணைத்தல் ஆகிய பணிகள் முதலில் நிறைவேறினால், ஒரே செலவில் குடியிருப்போரும் பயணியரும் காக்கப்படுவர். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அதிகார அமைப்பு இப்பணிகளை ஒருங்கிணைக்க ஏற்றதாகும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை மீட்பதற்காக, 1,003 ஏக்கர் பரப்பிலுள்ள 13 மேடுகளையும் மீண்டும் தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. இதனால் வேலைவாய்ப்பு பெருகக்கூடும். அதே வேளையில், இறுகிக் கிடக்கும் மேட்டைக் கிளறினால் தூசியும் பெருகும். தண்ணீர் தெளித்தல், லாரிகளைத் தார்ப்பாய் கொண்டு மூடுதல், காற்றின் தூசி அளவை நாள்தோறும் அளந்து ஊராருக்கு அறிவித்தல், தொழிலாளருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை நடத்துதல் ஆகியவை ஒப்பந்த நிபந்தனைகளாகவே எழுதப்பட வேண்டும். 2001இல் விடுபட்டதை மீண்டும் விடலாகாது.

மாணவர் ஒரு களப்பயணத்தில் கற்பது பாறைகளின் பெயர்களை மட்டுமன்று. ஓரிடத்தின் இடரை அறிந்து, அதற்கேற்பத் திட்டம் வகுத்து, வேண்டுமிடத்தில் திரும்பி வரும் துணிவையும் அவர்கள் கற்கின்றனர். அவ்வாறு தயாரிக்கப்பட்ட இடர்ப் பட்டியலின் ஒரு படியை ஒவ்வொரு கல்லூரியும் மாவட்ட நிர்வாகத்துக்கு அளிக்குமாயின், மூடப்படாத குழி எது, சரியும் மேடு எது என்ற செய்தி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். அதனைக் கொண்டு ஒரு குழி மூடப்பட்டாலும் அப்பயணம் பயனுள்ளதாகும்.